நீர்க்கரை இருக்கைகள்

காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டையை நோக்கி மேற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்குப் பாலாறு வழித்துணை. சில இடங்களில் பாதையை நெருங்கியும் சில இடங்களில் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் விலகியும் வரும் அந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே காட்சி தருவதால், நீரைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்தப் பிரதேசத்தில் சற்றுத் தயக்கத்தோடுதான் தொடங்குகிறது. நந்திமலைப் பக்கத்தில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்களின் ஓரமாகவே அது செல்கிறது. 2021 நவம்பரில் அது இரு கரையும் நிரம்ப ஓடியதை இங்குள்ளவர்கள் இன்றும் ஒரு திருவிழாவை நினைவுகூர்வதுபோல் சொல்கிறார்கள்.

இத்தகைய பிரதேசத்துக்கு இம்முறை நான் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு நீச்சல் குளம். தலைமுறை தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்துவரும் ஆம்பூர்க் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த என் நண்பர், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் நீந்தி விளையாடுவதற்காக, வீட்டின் கொல்லைப்புறத்தில் குளம் ஒன்று கட்டத் தீர்மானித்திருந்தார். பெங்களூரில் வரையப்பட்ட படத்தில் குளத்தின் ஒரு கரையில் ‘பூல் பார்’ என்று குறித்திருந்தார்கள். மதுவை நினைத்தும் பாராத அந்தக் குடும்பத்தில் அது தேநீரும் நன்னாரி சர்பத்தும் வழங்கும் மேடையாக மாறியதில் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை. சிரமமெல்லாம் இருக்கையில்தான் இருந்தது. “நாற்காலி வாங்கிப் போட்டா ஒரு கோடைக்குள்ள வெளுத்துப் போயிடுது, காத்தடிச்சா உருண்டு தண்ணியில விழுந்துடும், திண்ணை மாதிரி கட்டியே விட்டுடலாம்னு பார்க்கிறேன், நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்க” என்று அவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய வீடுகளையும் சத்திரங்களையும் பற்றி நான் எழுதியவற்றை அவர் வாசித்திருந்தார் என்பதே என்னை அழைத்ததற்குக் காரணம்.

நாற்காலி சரியில்லையென்றால் நகர்த்திப் போடலாம், நிழல் போன பக்கம் இழுத்துக்கொள்ளலாம், விருந்தினர் அதிகமானால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். கட்டிய இருக்கையோ அப்படியன்று. வெயில் எந்தப் பக்கம் சாயும், காற்று எங்கிருந்து வீசும், யாருடைய முழங்கால் எவ்வளவு மடங்கும், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் முகம் பார்த்துப் பேச முடியுமா என்பதையெல்லாம் சிமெண்டு குழைப்பதற்கு முன்பே யோசித்து முடித்துவிட வேண்டும். ஆகவே, நேராக ஆம்பூரில் போய் இறங்குவதைவிட, இந்த வட்டாரத்தில் நீரருகே கல்லை வைத்துக் கட்டிய முன்னோர்கள் மனிதன் உட்காருவதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போவது உசிதம் என்று எனக்குத் தோன்றியது.

வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்கினேன். விஜயநகர ஆட்சியின் கீழ், 16ஆம் நூற்றாண்டில், சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் இக்கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது. கருங்கல்லை அடுக்கிய மதிலைச் சுற்றிலும் அகழி, அதற்குச் சூரியகுண்டம் என்னும் ஏரியிலிருந்து பூமிக்கடியிலான கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. 1806 ஜூலை 10ஆம் தேதி இந்த மதிலுக்குள் சிப்பாய்கள் எழுந்த வரலாற்றைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் கண்ணில் பட்டது வேறொன்று: இவ்வளவு நீரைச் சுற்றிலும் தேக்கியவர்கள் அதன் ஓரத்தில் ஒரு மனிதன் உட்கார ஒரு சாண் இடம்கூட விடவில்லை. மதில் நீருக்குள் நேரே இறங்குகிறது. அது மனிதனை விலக்குவதற்கென்றே தேக்கிய நீர். மாலையில் அகழிக்கு வெளியே குடும்பம் குடும்பமாக வந்து புல்லில் அமர்ந்து காற்று வாங்கும் ஜனங்களைப் பார்த்தபோது, நீரைக் கண்டால் அதன் பக்கத்தில் உட்காரத்தான் மனம் விரும்புகிறது, அந்த விருப்பத்துக்குக் கோட்டை கட்டியவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இடம் கொடாவிட்டாலும் விருப்பம் அழிந்துவிடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த மதிலுக்குள்ளேயே ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் நிலைமை தலைகீழ். சுவாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு வழக்கு நெடுங்காலம் இருந்தது. 1981இல் லிங்கம் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டதோடு முதற்பாதி பொய்த்துப்போயிற்று. பாயும் குதிரைகளும் யாளிகளும் தாங்கி நிற்கும் கல்யாண மண்டபத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். வெள்ளையர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் இருந்து மீண்ட அந்த மண்டபத்தின் சிற்பத்தை வர்ணிக்க என்னைவிடத் தகுந்தவர்கள் உண்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தது திருச்சுற்றின் உயர்ந்த கல்தளத்து விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான். பூக்கூடையோடு ஒரு கிழவி கால்களைத் தொங்கவிட்டிருந்தாள்; ஓர் இளைஞர் சம்மணமிட்டுத் தூணில் முதுகைச் சாய்த்திருந்தார்; ஒரு குழந்தை குப்புறப் படுத்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே கல், மூன்று விதமான அமர்வு. தளத்துக்கு ஆழம் இருந்தபடியால்தான் இது சாத்தியமாயிற்று. ஓர் அடி அகலமுள்ள பலகையில் இந்த மூவரில் கிழவி ஒருத்திக்கே இடம் கிடைத்திருக்கும். உடம்புகள் உராய்ந்து உராய்ந்து விளிம்பின் கூர் மழுங்கி, கை வைத்தால் மெழுகிய தரைபோல் வழுவழுப்பாக இருந்தது.

அதே விஜயநகரத்தார் தங்கள் தலைநகரான ஹம்பியில் ‘ராணி குளியலறை’ என்று இப்போது வழங்கும் கட்டடத்தில், நடுவிலுள்ள குளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அழகான மாடங்களைக் கட்டினார்கள். நீரில் இறங்காமலே நீருக்குமேல் அமரும் ஏற்பாடு அது. கோட்டையில் மறுத்ததை அரண்மனையில் கொடுத்தார்கள். ஆனால் அது அரசகுலத்தார்க்கு மட்டும் கிடைத்த சௌகரியம். திருமலைக்கோடியில் 2007இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீபுரம் பொற்கோயிலிலும் பொன் விமானத்தைச் சூழ நீர் இருக்கிறது. அங்கே நட்சத்திர வடிவப் பாதையில் கூட்டத்தோடு நடந்துகொண்டே இருக்க வேண்டுமாகையால், இருக்கை தேடிப் போன எனக்கு அதிக வேலை இருக்கவில்லை.

என் பிரயாணத்தில் மிகுந்த பயனைத் தந்த ஸ்தலம் விரிஞ்சிபுரம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே விலகி, பாலாற்றின் பக்கத்தில், மதிலழகுக்குப் பெயர்போன மார்க்கபந்தீசுவரர் ஆலயம் நிற்கிறது. நிழல் விழும் இடத்தைக் கொண்டு நேரம் அறியும் கல் ஒன்றும் அங்கே உண்டு. சிங்கத்தின் வாய்க்குள் புகுந்து படியிறங்குவதுபோல் அமைந்த சிம்மதீர்த்தத்தில் கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழந்தை வரம் வேண்டி ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து நீராடுகிறார்கள். மற்ற நாட்களில் படிகள் அமைதியாக இருக்கும். அங்கே ஒரு படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து கீழே பார்த்தபோதுதான், நண்பரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. சாதாரணப் படி ஆறேழு அங்குல உயரம். குழந்தை ஒரு படியில் உட்கார்ந்து அடுத்த படியில் காலை வைக்கிறது. பெரியவர் உட்கார்ந்து இரண்டு படி தள்ளிக் காலை வைக்கிறார். நெட்டையானவர் மூன்றாவது படிக்கு நீட்டுகிறார். ஒவ்வோர் உடம்பும் தனக்கு வேண்டிய உயரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் யாராவது ஒருவருக்கு அதன் விளிம்பு எட்டிக்கொண்டே இருக்கிறது. இறங்கும் வழியையே இருக்கையாகவும் ஆக்கிய அந்தச் சிற்பியின் புத்தியை நான் எந்த நவீனப் படத்திலும் கண்டதில்லை.

இவ்விடத்தில் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களையும் சொல்லவேண்டும். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்டுவைக்கும் அந்தக் கல்லின் உயரம், தலைச்சுமையோடு வருகிறவன் குனியாமல், பிறர் உதவியில்லாமல், சுமையை நகர்த்தி வைக்கும் உயரம். அதற்கு அளவுகோல் ஓர் ஆளின் தோளும் தலையுமே. இருக்கைக்கும் அதுவே நியாயம் என்று நான் கருதுகிறேன்.

பள்ளிகொண்டாவும் மாதனூரும் கடந்து ஆம்பூர் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. சீரகச்சம்பாப் பிரியாணியும் கத்தரிக்காயும் ஆனபிறகு கொல்லைக்குப் போனோம். மேஸ்திரி ரசமட்டத்தோடு காத்திருந்தார். குளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது: நீளம் 40 அடி, அகலம் 20 அடி, சராசரி ஆழம் நாலரை அடி. இருக்கைக்குக் கோடு இல்லை. படத்தில் மேடைக்கு எதிரே குளத்துக்குள் நாலு வட்டங்கள் மட்டும் இருந்தன. தண்ணீருக்குள் இருந்துகொண்டே குடிக்கும் வழக்கத்துக்கு வரைந்த படம் அது.

நண்பரின் தாயார், எண்பதைத் தாண்டியவர், வாசல் திண்ணையிலிருந்து மெல்ல நடந்து வந்தார். “எவ்வளவு உசரம் வைக்கப் போறே தம்பி?” என்று மேஸ்திரியைக் கேட்டார். “ஒண்ணேகால் அடி வைக்கலாங்கம்மா, பசங்களுக்குத் தோதா இருக்கும்” என்றார் மேஸ்திரி. “உக்காந்துடலாம், எந்திரிக்கிறது யாரு?” என்று அந்த அம்மையார் கேட்ட கேள்வியில் என் பிரயாணத்தின் சாரமெல்லாம் இருந்தது. முழங்கால் தளர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த இருக்கை சௌகரியமாகத் தோன்றினாலும் எழும்போது தண்டனையாகும். அவர்களுக்கு ஒன்றரை அடி உயரமும் எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடிச் சுவரும் வேண்டும். எழுகிறவன் முதலில் பாதத்தைப் பின்னுக்கு இழுக்கிறான். ஆகவே கட்டிய இருக்கையின் அடியில், தரையை ஒட்டி, நாலங்குலம் உள்வாங்கிய இடம் விடவேண்டும். நம் பழைய திண்ணைகளில் அப்படி விட்டிருக்கமாட்டார்கள். திண்ணையில் உட்காருகிறவன் காலை மேலே மடக்கிக்கொள்கிறவனாகையால் அதற்கு உள்வாங்கல் தேவையில்லை, இரண்டரை அடி ஆழமே தேவை. காலைத் தொங்கவிட்டு முதுகைச் சாய்க்கிறவனுக்கு அதே ஆழம் உதவாது. முதுகு எட்டுவதற்குள் முழங்கால் மடிப்பில் விளிம்பு இடிக்கும். அவனுக்கு ஒன்றரை அடி போதும்.

எனவே இரண்டு ஆசனங்களைச் சொன்னேன்: மேற்குச் சுவரை ஒட்டிச் சம்மணமிடத்தக்க அகலமான திண்ணை, மேடைப் பக்கத்தில் சாய்மானமுள்ள ஒடுங்கிய இருக்கை. தேநீர் வைக்கும் மேடை எவ்வளவு உயரமாக இருந்தாலும், உட்காருமிடத்துக்கும் அதற்கும் ஓரடி இடைவெளி இருந்தால் கை இயல்பாகப் பொருந்தும். ஒன்றரை அடி இருக்கைக்கு இரண்டரை அடி மேடை. பரிமாறுகிறவர் நிற்கும் தளத்தை ஓரடி பள்ளமாக இறக்கிவிட்டால் அவர் குனியவும் வேண்டாம், உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து அண்ணாந்து பேசவும் வேண்டாம். ஓர் ஆளுக்கு இரண்டடி என்று கணக்கிட்டு நேர்க்கோட்டில் நீளமாகக் கட்டுவதைவிட, ‘ப’ வடிவில் மடக்கிக் கட்டினால் மூலைகளில் ஓரிரண்டு பேருக்கு இடம் நஷ்டமானாலும் பேச்சுக்கு லாபம்.

மேற்குச் சுவரைச் சொன்னதற்கு வெயில் காரணம். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வட்டாரத்தின் உஷ்ணம் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். கறுப்புக் கிரானைட் பலகையில் ஈரத்துணியோடு குழந்தை உட்கார்ந்தால் அலறிக்கொண்டு எழுந்துவிடும். நிழலுக்குப் புங்கமரம் வைக்கலாமே என்றார் நண்பர். புங்கம் நல்ல நிழல்தான். ஆனால் பிற்பகல் வெயிலைத் தடுக்க மரத்தை மேற்கே வைத்தால், ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று அதன் பூவையும் சருகையும் அப்படியே குளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். உயர்ந்த மேற்குச் சுவரும் அதன்மேல் ஓட்டுச் சாய்ப்பும் மூன்று மணிக்குமேல் திண்ணையையும் குளத்தின் பாதியையும் நிழலில் வைத்திருக்கும்; சருகும் விழாது. கல்லோ, வெளிறிய நிறத்தில், மெருகேற்றாமல் உளியால் பொளிந்ததாக இருக்கட்டும். மெருகேற்றிய கல் ஈரக்காலுக்கு வழுக்கும்.

“வாட்டம் எவ்வளவு குடுக்கட்டும்?” என்றார் மேஸ்திரி. இரண்டடிக்கு அரை அங்குலம் முன்னால் சாய்ந்தால் நீர் தேங்காது, உட்காருகிறவருக்குச் சாய்வும் தெரியாது. அதோடு பலகைக்கல்லின் அடிவிளிம்பில் ஒரு காடி வெட்டச் சொன்னேன். வழிகிற நீர் அந்தக் காடியில் தடைப்பட்டுச் சொட்டிவிடும், சுவரில் இறங்கிப் பாசி பிடிக்காது. அவர் உடனே கரியால் கல்லின் பக்கவாட்டில் கோடிழுத்து, “இந்த இடத்துலதானே?” என்று விரலால் தடவிக் காட்டினார். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் கலந்து பூசலாமா என்று அவர் கேட்டபோது நண்பர் சிரித்து, “எங்க தாத்தாவும் கடுக்காயும் சுண்ணாம்பும்தான் வாங்கினார், தோலுக்கு” என்றார். உண்மைதான். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடுவதுதான் குரோமியம் வருவதற்கு முன்பு இந்த ஊர்களின் வித்தை. கொத்தனாரும் தோல் பதனிடுகிறவரும் ஒரே கடையில் சரக்கு வாங்கிய காலம் அது.

தோலைப் பற்றி இன்னொரு பேச்சும் எழுந்தது. நம் ஊர்த் தோலிலேயே மெத்தை தைத்துக் குளக்கரை இருக்கையில் போடவேண்டும் என்று நண்பருக்கு ஆசை. அதில் ஊர்ப் பெருமையும் கலந்திருந்தது. தோல் தொழிற்சாலையில் ஆயுள் முழுதும் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அப்போது அங்கிருந்தார். அவர் பேசாமல் உள்ளே போய், பட்டையில் பதனிட்ட தோல் துண்டு ஒன்றையும் குரோமில் பதனிட்டது ஒன்றையும் கொண்டுவந்து கொதிக்கும் வெந்நீரில் போட்டார். பட்டைத் தோல் நம் கண்ணெதிரிலேயே சுருண்டு, விறைத்து, பாதியாகக் குறுகிவிட்டது. அது 80 பாகைச் சூட்டுக்கு மேல் தாங்குவதில்லை. குரோம் தோல் அப்படியே கிடந்தது. “கொதிநீரைத் தாங்கும், ஆனா தினம் நனைஞ்சு காயறதைத் தாங்காதுங்க, உள்ள ஏத்தின எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமா போயிடும், அப்புறம் வெடிக்கும், பூஞ்சக்காளான் புடிக்கும், குளோரின் வேற” என்று அவர் முடித்தார். தம் கைத்தொழிலின் மேன்மையை அறிந்தவர்தான் அதன் எல்லையையும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும். கரையில் வெறுங்கல், தோல் மெத்தை வீட்டுக்குள் ஊஞ்சலுக்கு என்று முடிவாயிற்று.

ஆனால் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது குளத்தின் அளவு. 40 அடிக்கு 20 அடி, நாலரை அடி ஆழம் என்றால் 3,600 கன அடி. ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். ஒரு டன் பச்சைத் தோலைப் பதனிட முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் லிட்டர் வரை தண்ணீர் செலவாகும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் அறிந்த கணக்கு. அந்த நீர் உப்பும் குரோமியமும் ஏறிப் பல்லாண்டுகள் பாலாற்றுப் படுகையில் போய்ச் சேர்ந்ததால்தான் இங்கே கிணறுகள் உவர்த்தன, வயல்கள் வெளுத்தன. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நியாயத்தை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் அறிவித்து, தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. துத்திப்பட்டு முதலிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. ஆயினும் கெட்ட நிலத்தடி நீர் ஒரு தலைமுறையில் திருந்துவதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் மாண்டதையும் மறக்கலாகாது. இந்த மண்ணில் ஒரு லட்சம் லிட்டர் நல்ல நீரை விளையாட்டுக்காகத் தேக்குவது எனக்குச் சம்மதமாகப்படவில்லை. அதை நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி நடந்துவிட்டு, “எவ்வளவு போதும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார். 25 அடிக்கு 12 அடி, நாலடி ஆழம் என்றேன். 1,200 கன அடி, பழைய கணக்கில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. கோடையில் வெயிலுக்கு ஆவியாகிப் போவதும் அதற்கேற்பக் குறையும். ஒரு பக்கம் முழுவதும் விரிஞ்சிபுரத்துப் படித்துறைபோல் படிகளாக இறங்கட்டும். பேரப்பிள்ளைகள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து சர்பத் குடிப்பார்கள், பெரியவர்கள் மேல்படியில் காலை மட்டும் நனைத்துக்கொள்வார்கள். படத்திலுள்ள நாலு வட்டங்கள் தேவையில்லை. குளத்தில் குறைகிற இடமெல்லாம் இருக்கைக்குச் சேரட்டும். நீந்துகிறவர்கள் அரைமணி நேரத்தில் களைத்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசுகிறவர்கள் இரவு வரை இருப்பார்கள்.

மேஸ்திரி பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். மேற்குச் சுவரின் மறுபுறம் ஒரு சந்து; காலணித் தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் மாலையில் பஸ்ஸுக்காக அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். திண்ணை என்பது எப்போதும் தெருவைப் பார்த்தது, வழிப்போக்கனுக்கும் அதில் பாத்தியம் உண்டு. நாம் கட்டுவதோ வீட்டுக்குள் திரும்பிய திண்ணை, ஆதலால் அதே சுவரின் அந்தப் பக்கத்திலும் ஒன்று கட்டினால் அஸ்திவாரம் ஒன்றே, சுவர் ஒன்றே, கூடுதல் செலவு கல்லுக்கு மட்டும்தானே என்று நான் கேட்டேன். நண்பர் தாயாரைப் பார்த்தார். அந்த அம்மையார் மேஸ்திரியைப் பார்த்து, “அந்தப் பக்கத்துக்கும் அதே உசரமா வை தம்பி, நாள் முழுக்க மிஷின்ல குனிஞ்சு தைச்சுட்டு வர்றதுங்க” என்றார்.

ஓட்டுச் சாய்ப்பை இருபுறமும் மூன்றடி நீட்டுவது, வழியும் மழைநீரைச் சந்தில் விடாமல் கொல்லையிலேயே உறைகிணறு ஒன்றில் இறக்குவது, ஐப்பசி மழைக்கு முன்பாக அஸ்திவாரத்தை முடித்துவிடுவது என்று மேஸ்திரி தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்; கல்லுக்கு மறுநாள் காலையிலேயே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.